துணி ஸ்டீமர் ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை பக்கம் இருக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். கடைப் பெயரைப் போடவில்லை, நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

எம்.சி. ரோட்டில் எடுக்கிற காட்டன் புடவைக்கெல்லாம் இஸ்திரி வண்டியைத் தேடிப் போக வேண்டாமே என்று 2,300 ரூபாய்க்கு ஒரு கை ஸ்டீமர் வாங்கினேன். வாரண்டி ஒரு வருஷம். அது முடிந்து இரண்டே மாதத்தில், இதற்காகவே காத்திருந்த மாதிரி, ஆவி குறைந்து தண்ணீரைத் துப்ப ஆரம்பித்தது. கருநீலப் புடவையில் சொட்டு விழுந்த இடமெல்லாம் காய்ந்ததும் சுண்ணாம்பு தெளித்த மாதிரி வெள்ளைப் புள்ளி.

ரிப்பேர் கடைக்காரர் அதைத் திறக்கவே இல்லை. காதுக்குப் பக்கத்தில் வைத்து ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு, "காயில் போச்சுக்கா, போர்டும் அடி வாங்கியிருக்கு, 1,400 ஆகும்" என்றார், அதாவது உள்ளே சூடேற்றுகிற கம்பியும் சர்க்யூட் போர்டும் போய்விட்டதாம். பாதி விலைக்கு மேல்! அப்போதே திரும்பி வந்திருக்க வேண்டும். மூன்று நாள் கழித்து என் கண் முன்னாலேயே ஓட்டிக் காட்டினார், ஆவி பிரமாதமாக வந்தது, கூடவே ஊறுகாய் ஜாடியைத் திறந்த மாதிரி ஒரு புளிப்பு வாசனையும். புது காயில் வாசனை போல என்று நினைத்துக்கொண்டேன், என்னத்தைச் சொல்ல.

மூன்றே வாரம். மறுபடியும் அதே துப்பல்.

எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கிற அக்கா பையன் வந்திருந்தபோது பிரித்துப் பார்த்தான். இந்த மாடலில் காயில் தனியாக இல்லை, அலுமினியக் கட்டிக்குள்ளேயே வார்த்து வருகிறது, மாற்றினால் முழுக் கட்டியையும் மாற்ற வேண்டும். என்னுடையது பழுப்பேறிய பழைய கட்டியேதான், ஆவி வருகிற துளையில் வெள்ளைப் பொருக்கு. தெர்மோஸ்டாட், ஃபியூஸ், சுவிட்ச், அவ்வளவுதான் உள்ளே. "போர்டு எங்க சித்தி இருக்கு?" என்று சிரிக்கிறான்.

விஷயம் எங்கள் போர் தண்ணீர். உப்புத் தண்ணீர் கொதித்து ஆவியாகப் போனதும் கால்சியமும் மெக்னீசியமும் உள்ளேயே படிந்து துளையை அடைக்கின்றன. பிளக்கைப் பிடுங்கி, சூடு ஆறினதும் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி ஊற்றி அரை மணி நேரம் வைத்துக் கொட்டினோம், அப்புறம் நல்ல தண்ணீர் ஊற்றி இரண்டு தடவை பழைய துணி மேல் ஆவி விட்டோம், சரியாகிவிட்டது. வீடு முழுக்க அதே ஊறுகாய் வாசனை! 1,400 ரூபாய்க்கு அவர் செய்ததும் இதுதான் போலிருக்கிறது. (சில கம்பெனிகள் வினிகர் ஊற்றக் கூடாது என்கின்றன, கூட வந்த புத்தகத்தைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.) சுத்தமாகச் சூடே ஏறவில்லை என்றால் அது வேறு கதை, ஃபியூஸ் போயிருக்கலாம். அதை எடுத்துவிட்டு ஒயரை நேராக முறுக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், தீப்பிடிக்காமல் காப்பதே அந்த ஃபியூஸ்தான்.

கடைக்குப் போய்க் கேட்டேன். "உங்க வீட்டுத் தண்ணி சரியில்லக்கா" என்கிறார் சாவகாசமாக. அப்படியென்றால் முதல் நாளே தெரிந்திருக்கிறது! மாற்றின பழைய காயில் எங்கே என்றதற்கு, குப்பையில் போய்விட்டதாம்.

நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டேன், பில் இருக்கிறதா என்று கேட்டார்கள். என்னிடம் இருப்பது அவருடைய விசிட்டிங் கார்டு, பின்பக்கம் பேனாவில் 1,400 என்று மட்டும் எழுதியிருக்கிறது.