உலர்பழ ஜாம்: ஆப்ரிகாட்டா, அத்தியா, பேரீச்சையா, திராட்சையா?

உலர்பழத்தில் ஜாம் போடுவதில் பெரிய வசதி, சீசனுக்குக் காத்திருக்க வேண்டாம். கால் கிலோ பழம், அடிகனமான சின்னப் பாத்திரம் ஒன்று, எலுமிச்சம்பழம் ஒன்றிரண்டு இருந்தால் போதும், இரண்டு சின்ன பாட்டில் தேறும். கடைகளில் சுலபமாகக் கிடைப்பவை ஆப்ரிகாட், அத்தி, பேரீச்சை, உலர்திராட்சை. நான்கையும் ஒரே மாதிரி ஊறவைத்து, ஒரே மாதிரி காய்ச்சினால் நான்கு விதமான பண்டம் வரும். அதில் ஒன்றைத்தான் நான் தயங்காமல் ஜாம் என்று சொல்வேன்.

எல்லாம் புளிப்பு செய்கிற வேலை. ஜாம் இறுக வேண்டுமானால் பழத்திலுள்ள பெக்டின் என்ற இயற்கைப் பசை, சர்க்கரை, அமிலம் மூன்றும் கூடி வர வேண்டும். உலர்பழத்தில் சர்க்கரைக்குப் பஞ்சம் இல்லை. ஈரம் வற்றிய பழம் என்பதால் இனிப்பு ஏற்கெனவே செறிந்து கிடக்கிறது. உலர்த்தாத புதுப் பழத்துக்குக் கிட்டத்தட்ட பழத்தின் எடைக்குச் சமமாகச் சர்க்கரை போடுகிறோம். உலர்பழத்திலும் எடைக்கு எடைதான் உச்சம், ஆனால் கால் கிலோ உலர்பழம் ஊறி வெந்தால் முக்கால் கிலோ கூழ் ஆகிவிடும். அந்தக் கணக்கில் பார்த்தால் சர்க்கரை மூன்றில் ஒரு பங்குதான். எனவே, எந்தப் பழம் தன் புளிப்பைத் தானே கொண்டுவருகிறது என்பதுதான் கேள்வி.

அதில் ஆப்ரிகாட்டை அடித்துக்கொள்ள ஆளில்லை. கடையில் இது இரண்டு வகை. ஆரஞ்சு நிறத்தில் மெத்தென்று, கொட்டை நீக்கி வருவது பெரும்பாலும் துருக்கியிலிருந்து வருகிறது. அங்கே மலாத்யா பகுதிதான் இதற்குப் பேர்போனது. அந்தப் பளிச்சென்ற நிறம் கந்தகப் புகை கொடுத்த நிறம். உறையில் கந்தக டைஆக்சைடைக் குறிக்கும் 220 என்ற எண்ணைத் தேடினால் தெரியும். ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்குக் கந்தக டைஆக்சைடு ஒத்துக்கொள்ளாது. அப்படிப்பட்டவர்கள் வீட்டில் இருந்தால் பழுப்பு நிறத்தில் வரும், புகை கொடுக்காத பழத்தை வாங்குங்கள். இன்னொரு வகை, லடாக், ஆப்கானிஸ்தான் பக்கத்திலிருந்து வரும் குபானி. சுருங்கி, கல்லு மாதிரி இருக்கும், உள்ளே கொட்டையும் இருக்கும். ஹைதராபாத்தின் குபானி கா மீட்டா என்ற இனிப்பை இதில்தான் செய்கிறார்கள்.

ஜாமுக்கு எது? புளிப்புத் தூக்கலாக வேண்டுமென்றால் துருக்கிப் பழம். மணமும் தேன் போன்ற ஆழமான இனிப்பும் வேண்டுமென்றால் குபானி, ஆனால் கூடுதலாக ஒரு மூடி எலுமிச்சைச்சாறு பிழிய வேண்டும். குபானியின் கொட்டையை உடைத்தால் உள்ளே பாதாம் போல ஒரு பருப்பு இருக்கும். ஒன்றைக் கடித்துப் பாருங்கள். இனித்தால் மெல்லிசாக நறுக்கி ஜாமில் போடலாம். கசந்தால் துப்பிவிட்டுப் பருப்பு மொத்தத்தையும் தூக்கிப் போடுங்கள்; கசப்புப் பருப்பிலிருந்து சயனைடு உண்டாகும்.

கால் கிலோ ஆப்ரிகாட்டுக்கு 700 மில்லி தண்ணீர் விட்டு இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் அதே தண்ணீரோடு அடுப்பேற்றி மிதமான தீயில் வேகவிட வேண்டும். இங்கேதான் அவசரப்படக் கூடாது. தோல் நன்றாக வேகுமுன் சர்க்கரை விழுந்தால், அப்புறம் எவ்வளவு நேரம் காய்ச்சினாலும் தோல் இளகாது, ரப்பர் மாதிரி பல்லில் மாட்டும். ஒரு துண்டைக் கரண்டியில் எடுத்து, சற்று ஆறியதும் விரலிடுக்கில் வைத்து நசுக்குங்கள். சதை வழுக்கிப் போய்த் தோல் மட்டும் தனியாக நின்றால் இன்னும் வேக வேண்டும். சதையும் தோலும் சேர்ந்து மாவாகக் குழைந்தால், அப்போது 250 கிராம் சர்க்கரையும் ஒரு எலுமிச்சையின் சாறும். மத்தால் லேசாக மசித்துவிட்டால் அங்கங்கே துண்டும் இருக்கும்.

பதம் பார்க்க ஒரு சின்னத் தட்டை ஃப்ரீசரில் வைத்திருங்கள். அதில் ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் கழித்து விரலால் தள்ளினால் மேலே சுருக்கம் விழ வேண்டும். பார்த்து முடிக்கும்வரை அடுப்பை அணைத்து வையுங்கள், இல்லாவிட்டால் தட்டில் சரியாக இருப்பது பாத்திரத்தில் முறுகிவிடும். தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு 104, 105 டிகிரி. இது சமவெளிக் கணக்கு. ஊட்டியில் தண்ணீரே 93 டிகிரிக்குப் பக்கத்தில் கொதித்துவிடும். அங்கே 97, 98க்கே நிறுத்த வேண்டும்.

அத்திக்கு வருவோம். நான்கிலும் விலை கூடியது பெரும்பாலும் இதுதான். கயிற்றில் கோத்து வரும் ஆப்கன் அத்தி, நாட்டு மருந்துக் கடையிலேயே கிடைக்கும். ரொட்டியில் தடவிக் கடித்தால் விதை நறநறவென்று நொறுங்கும். சிலருக்கு அதுவே சுகம், சிலருக்கு மண்ணைத் தின்பது போலிருக்கும். எனக்குப் பிடிக்கும். சிக்கல் வேறு இடத்தில்: அத்தியில் புளிப்பு ரொம்பக் குறைவு. எலுமிச்சை இல்லாமல் காய்ச்சினால் மருந்துக் கடை லேகியம்தான் வரும். கால் கிலோவுக்கு 600 மில்லி தண்ணீர், 150 கிராம் சர்க்கரை, தாராளமாக இரண்டு எலுமிச்சை. காம்பை மறக்காமல் கிள்ளிவிடுங்கள், அது வேகவே வேகாது. இறக்கும்போது நாலு மிளகு நுணுக்கிப் போட்டால் எடுப்பாக இருக்கும்.

பேரீச்சையைப் போட்டியில் சேர்த்ததே தப்போ என்று தோன்றும். கொட்டை நீக்கி, சம அளவு தண்ணீரில் வேகவைத்து மசித்தால் கால் மணி நேரத்தில் முடிந்தது. சர்க்கரை ஒரு சிட்டிகைகூட வேண்டாம், விலையும் மலிவு. ஆனால் அது ஜாம் போல இறுகுவதில்லை, வெறும் விழுது. வழவழவென்று, தித்திப்புக்கு மேல் தித்திப்பாக, இரண்டாவது வாயிலேயே திகட்டும். இந்தப் பழத்துக்குப் புளிப்பு எவ்வளவு தேவை என்பது சாட் கடைக்காரர்களுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. பேரீச்சையோடு புளியையும் சீரகத்தூளையும் சேர்த்துத்தானே அந்த இனிப்புச் சட்னியைச் செய்கிறார்கள். வீட்டில் பேரீச்சை விழுது செய்தால் நானும் எலுமிச்சையைவிடப் புளிக்கரைசலைத்தான் சிபாரிசு செய்வேன்.

உலர்திராட்சை இடைப்பட்டது. திராட்சைக்கே உரிய டார்டாரிக் அமிலம் இருப்பதால் புளிப்பு ஓரளவு உண்டு. மகாராஷ்டிரத்தின் சாங்லியிலிருந்து வரும் பச்சை நிறத் திராட்சை, கறுப்பைவிட இதற்குத் தோதாக இருக்கும். கறுப்பில் விதையில்லாததாகப் பார்த்து வாங்குங்கள். உலர்த்தும்போது எண்ணெய் கலந்த கரைசலில் முக்குவார்கள் என்பதால் எதுவானாலும் வெந்நீரில் இரண்டு முறை அலச வேண்டும். குறை என்னவென்றால் தோல். ஊறி உப்பிய திராட்சை பாகில் மிதக்குமே தவிரக் கரைந்து சேராது. பாதியை மிக்ஸியில் அரைத்துச் சேர்த்தால் கொஞ்சம் கட்டுப்படும். அதற்கும் இறுகவில்லையென்றால் செங்காயாக ஒரு கொய்யாவை வேகவைத்து, வடிகட்டிய சாற்றை விடுங்கள். கொய்யாவில் பெக்டின் ஏராளம், கடைப் பெக்டின் தூளைத் தேடி அலைய வேண்டாம்.

சர்க்கரைக்குப் பதில் வெல்லம் போடலாமா என்று கேட்பார்கள். அத்திக்கும் பேரீச்சைக்கும் போடலாம், பாகு காய்ச்சி வடிகட்டி. ஆப்ரிகாட்டில் வேண்டாம். நிறம் மங்குவதோடு, வெல்லத்தின் வாசனை பழத்தின் வாசனையை அமுக்கிவிடும்.

கெடாமல் இருப்பதும் இந்தக் கணக்கில்தான் வருகிறது. நம் நாட்டு விதிப்படி கடையில் ஜாம் என்று விற்க, கரைந்த திடப்பொருள் (பெரும்பாலும் சர்க்கரை) 65 சதவீதம் இருக்க வேண்டும். மேலே சொன்ன ஆப்ரிகாட் அளவில் நன்றாக வற்றக் காய்ச்சினால் கிட்டத்தட்ட அங்கே வந்துவிடலாம். சுத்தமான பாட்டில், காய்ந்த ஸ்பூன் என்றிருந்தால் ஃப்ரிட்ஜில் ஒரு மாதம் தாங்கும். சேர்க்கும் சர்க்கரையும் பழத்தின் புளிப்பும் குறைந்த அத்தி, பேரீச்சை இரண்டையும் வெளியே வைக்கவே கூடாது, ஃப்ரிட்ஜிலும் பத்து நாளில் தீர்த்துவிடுவது நல்லது.

சர்க்கரையே போடாமல் ஜாம் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. ஆப்ரிகாட் 200 கிராம், பேரீச்சை 100 கிராம். ஆப்ரிகாட் தனியாகக் குழைய வெந்த பிறகு பேரீச்சையைச் சேர்த்து மசிக்க வேண்டும். ஒன்றின் புளிப்பும் மற்றதன் தித்திப்பும் சரிக்குச் சரி நிற்கும், எலுமிச்சைகூட அரை மூடி போதும். தோசைக்கும் தொட்டுக்கொள்ளலாம். ஆனால் பதம் பார்க்கும் தட்டில் சுருக்கத்தைத் தேடாதீர்கள், வராது. கரண்டியால் கோடு இழுத்தால் பாத்திரத்தின் அடி தெரிந்து, மெதுவாக மூடிக்கொள்ளும் நேரத்தில் இறக்கி, ஒரு வாரத்துக்கான அளவு மட்டும் செய்துகொள்ளுங்கள்.