மலைமேல் ஆஸ்பத்திரிக்கு இந்த சாஃப்ட்வேர் சரிப்படுமா?

குன்னூர்ப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். போன வருஷம் எங்கள் நிர்வாகம் கேஸ் ஷீட்டை மூட்டை கட்டிவிட்டு, வார்டுக்கு வார்டு டேப் கொடுத்து, டாக்டருக்கே யோசனை சொல்லும் சாஃப்ட்வேர் ஒன்றை வாங்கிப் போட்டது. அதன் பெயரைச் சொல்லப்போவதில்லை, டெமோவுக்கு வந்த மற்றவற்றிலும் இதே குறைகள்தான் இருந்தன. ஊட்டியிலும் கோத்தகிரியிலும் கொடைக்கானலிலும் வேலை பார்க்கும் தோழிகள் "வாங்கலாமா, வேண்டாமா" என்று கேட்டபடியே இருக்கிறார்கள், அவர்களுக்காகத்தான் இது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். மருந்து விஷயத்தில் கெட்டிக்காரத்தனமான சாமான். இதய வால்வு ஆபரேஷன் செய்து, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடும் பாட்டி ஒருவர் வயிற்றுப்போக்கோடு வந்தார், ட்யூட்டி டாக்டர் வழக்கம்போல மெட்ரோனிடசோல் என்று அடித்ததும் திரை சிவந்துவிட்டது. அந்த மாத்திரை ஈரலில் வார்ஃபரின் கழிவதைத் தடுக்கும், ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் ஏறும், ரத்தக்கசிவு வரும். படித்த விஷயம்தான், ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு, ஓபியில் இன்னும் நாலு பேர் காத்திருக்கும்போது யாருக்கு நினைவிருக்கும்? இன்னொன்று, நம் ஊர் பிராண்ட் பெயர்க் குழப்பம். டோலோவும் அல்ட்ராசெட்டும் சேர்ந்து எழுதப்பட்டால் இரண்டிலும் பாராசிட்டமால் இருக்கிறது என்று உடனே காட்டிவிடும். குழந்தைக்கு எடை போடாமல் டோஸ் எழுத விடாது. கிட்னி பழுதால் கிரியாட்டினின் ஏறிய சர்க்கரை நோயாளிக்கு மெட்ஃபார்மின் எழுதினால் நிறுத்திக் கேட்கும். இதற்கு மட்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள் என்பேன்.

ஆனால் அதற்கு எங்கே வாயை மூடுவது என்று தெரியவில்லை. ஆஸ்பிரினும் குளோபிடோகிரலும் ரத்தக்கட்டைத் தடுக்க இதய டாக்டர் வேண்டுமென்றே சேர்த்து எழுதுவது, அதற்கும் ஒவ்வொரு முறையும் ஒரு மஞ்சள் எச்சரிக்கைப் பெட்டி வரும். அப்புறம் என்ன, பெட்டி வந்தால் படிக்காமலே 'சரி' அழுத்தக் கை பழகிவிடுகிறது, சிவப்புப் பெட்டிக்கும் அதே கை. இது எங்கள் ஊர் சோம்பேறித்தனம் என்று நினைக்க வேண்டாம். 2006-ல் வெளியான ஒரு டச்சு ஆய்வுத் தொகுப்பிலேயே இப்படிப்பட்ட மருந்து எச்சரிக்கைகளில் 49 முதல் 96 சதவீதம் வரை டாக்டர்கள் தாண்டிப் போவதாக இருக்கிறது. எங்கள் பார்மசிஸ்ட் உட்கார்ந்து தேவையில்லாத மஞ்சளை எல்லாம் அணைத்த பிறகுதான் வார்டு கொஞ்சம் அமைதியானது. எதை அணைக்கலாம் என்ற அதிகாரம் ஆஸ்பத்திரியிடம் இருக்கிறதா, இல்லை ஒவ்வொன்றுக்கும் கம்பெனிக்கு மெயில் போட வேண்டுமா என்று டெமோ அன்றே கேளுங்கள்.

என் பெரிய புகார் இனிமேல்தான். இந்த சாஃப்ட்வேர் கடலோரத்தில் உட்கார்ந்துகொண்டு மலைமேல் இருப்பவர்களுக்கு வைத்தியம் சொல்கிறது. இதில், நோயாளி மோசமாகிறாரா என்று கண்டுபிடிக்க நியூஸ்2 என்ற மதிப்பெண் முறை இருக்கிறது. லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012-ல் கொண்டுவந்து 2017-ல் திருத்தியது. மூச்சு, சாச்சுரேஷன் (ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவு), பிபி, நாடி, சூடு, நினைவு எல்லாவற்றுக்கும் மார்க் போட்டுக் கூட்டும், ஐந்து வந்தால் டாக்டரை அவசரமாகக் கூப்பிட வேண்டும். நல்ல முறைதான், மறுக்கவில்லை. ஆனால் சாச்சுரேஷன் 96 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் பூஜ்யம், 94, 95-க்கு ஒன்று, 92, 93-க்கு இரண்டு. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்கைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். குன்னூர் கொஞ்சம் தாழ்வு. இங்கே நல்ல ஆரோக்கியமான ஆளுக்கே 95 காட்டும், வயதானவருக்கு 93 என்பது அபூர்வமில்லை.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். குடலிறக்க ஆபரேஷன் முடிந்து மறுநாள் காலை டீ குடித்துக்கொண்டு பேப்பர் படிக்கிறார் ஒரு தாத்தா. சாச்சுரேஷன் 93, இரண்டு மார்க். நாடி 92, ஒன்று. மேல் பிபி 108, ஒன்று. டிசம்பர் குளிரில் அக்குளில் வைத்த தெர்மாமீட்டர் 36 டிகிரி செல்சியஸ், அதற்கும் ஒன்று. மொத்தம் ஐந்து, டேப் அலறுகிறது, தாத்தா பேப்பரை மடித்துவிட்டு "யாருக்கு என்னம்மா ஆச்சு?" என்று எங்களையே கேட்கிறார். சரி, ஆக்சிஜன் வைத்தால் மார்க் குறையும் என்று நினைத்தால், ஆக்சிஜன் வைத்ததற்கே தனியாக இரண்டு மார்க்! சாச்சுரேஷன் 97 ஆனாலும் கூட்டுத்தொகை அசையாது.

93-ஐ அலட்சியம் செய்யச் சொல்லவில்லை. இந்த மனுஷருக்கு எப்போதும் எவ்வளவு இருக்கும் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியது. போன ஓபி வருகையில் 94 என்றால் நிம்மதி, 98 என்றால் நானே ஓடுவேன். அந்தப் பழைய எண் இதே கம்ப்யூட்டருக்குள்தான் இருக்கிறது, பக்கத்தில் காட்டினால் போதும், காட்டாது. கம்பெனி ஆள் சொன்ன வழி, நியூஸ்2-ல் உள்ள இரண்டாவது சாச்சுரேஷன் அளவுகோலுக்கு எல்லோரையும் மாற்றிவிடலாம் என்பது. அது நாள்பட்ட நுரையீரல் நோயில் கரியமில வாயு தேங்குபவர்களுக்கானது, 88 முதல் 92 வரை போதும் என்கிற அளவு. அதை எல்லோருக்கும் போட்டால் நிமோனியாக்காரர் சத்தமில்லாமல் மோசமாவார். எங்கள் டாக்டர் ஒரே பேச்சில் மறுத்துவிட்டார், நல்லவேளை.

ரத்தத்திலும் இதே கதை, திசை மட்டும் தலைகீழ். மலையில் ஹீமோகுளோபின் இயல்பாகவே ஏறும், அதனால் ரத்தசோகைக்கான எல்லையை உயரத்துக்கு ஏற்பத் திருத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். இது திருத்தாது. பெண்ணுக்கு 12.2 என்றால், மலைக் கணக்கில் அது ரத்தசோகையாக இருந்தாலும், பச்சை விளக்கு. அப்புறம் கூடலூர், பந்தலூர் பக்கத்திலிருந்து வரும் பணியர், குறும்பர், இருளர் மக்களிடம் அரிவாள் செல் நோய் என்ற பரம்பரை ரத்த நோய் இருக்கிறது, இந்தியாவில் அது முதன்முதலில் 1952-ல் பதிவானதே நீலகிரியில்தான். அந்த நோயில் சிவப்பணு சீக்கிரம் அழிவதால் மூன்று மாதச் சர்க்கரை டெஸ்ட் குறைவாகக் காட்டும், சாஃப்ட்வேரோ 'சர்க்கரை கட்டுப்பாட்டில்' என்று எழுதிவிடும். நோய்ப் பட்டியலில் அரிவாள் செல் என்று பதிந்திருந்தாலும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரியவில்லை. இதை மட்டும் உடனே சரிசெய்ய வேண்டும்.

மழைக்காலம் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், மலைக்காரர்களுக்குத் தெரியும். மண் சரிந்தால் கேபிள் போகும், கேபிள் போனால் நெட் போகும். ஆஸ்பத்திரிக்குள்ளேயே சர்வர் வைக்கும் வகையை வாங்குங்கள், விலை கூடினாலும் பரவாயில்லை. எங்களுடையது கிளவுட், நெட் போனால் அதுவும் போகும், அதனால் மூட்டை கட்டிய கேஸ் ஷீட்டில் ஒரு கட்டு இன்னும் நர்ஸிங் ஸ்டேஷன் டிராயரில் இருக்கிறது.

அட்மிஷன் கவுண்டரில் 14 இலக்க ஆபா எண் (அரசின் டிஜிட்டல் சுகாதார அடையாள எண்) உள்ளவர்களுக்கு வேலை சுலபம். இல்லாதவர்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம், நிரப்பாமல் அடுத்த பக்கம் போகாது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? ஒருத்தி இனிஷியலைப் போடுகிறாள், ஒருத்தி அப்பா பெயரை, இன்னொருத்தி வெறும் புள்ளியை. ஒரே ஆளுக்கு மூன்று ஃபைல், ஒன்றில் மட்டும் பென்சிலின் அலர்ஜி என்று இருக்கும், மற்ற இரண்டில் எச்சரிக்கையே வராது. புகார் கொடுத்தோம், அடுத்த அப்டேட்டில் வரும் என்றார்கள். அதற்கப்புறம் வந்த அப்டேட்டில் திரையின் நிறம் மாறியிருந்தது.