பழைய பெடல் ஸ்டீல் கிட்டாருக்குக் கப்பலூரில் பொருத்திய இரண்டு முழங்கால் லீவர்கள்

1970களில் அமெரிக்காவில் செய்யப்பட்ட பத்துத் தந்திப் பெடல் ஸ்டீல் கிட்டார் ஒன்று, என் சித்தப்பா மகன் வழியாக மதுரைக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. கிடைமட்டமாக வைத்து, தந்திகள் மேல் ஸ்டீல் பார் என்னும் உலோகத் தண்டை நகர்த்தி வாசிக்கும் கருவி இது; காலால் மிதிக்கும் பெடல்களும் முழங்காலால் தள்ளும் லீவர்களும் குறிப்பிட்ட தந்திகளின் சுரத்தை மட்டும் ஏற்றவோ இறக்கவோ செய்யும். மூன்று பெடல்களும் ஒரே ஒரு முழங்கால் லீவரும் மட்டுமே அதில் இருந்தன. மேலும் இரண்டு லீவர்களைப் பொருத்தித் தந்த கப்பலூர் தொழிற்பேட்டை லேத் பட்டறையின் வேலையைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

இந்தக் கிட்டாரின் சுருதியமைப்பு ஈ-நைன் (E9) எனப்படுவது. ஈ சுரத்தை ஷட்ஜமாகக் கொண்டால், முதல் பெடல் பஞ்சமத்தைச் சதுஸ்ருதி தைவதமாகவும், இரண்டாம் பெடல் அந்தர காந்தாரத்தைச் சுத்த மத்யமமாகவும் ஏற்றுகின்றன. தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை மிதித்துச் சுரத்தை மாற்றும் பாணியை 1954இல் வெளியான இசைத்தட்டு ஒன்றின் வழியே பரவலாக்கியவர் அமெரிக்க ஸ்டீல் கிட்டார் கலைஞர் பட் ஐசக்ஸ். அவர் ஒரே மிதியில் ஏற்றிய இரண்டு சுரங்களைத் தனித்தனிப் பெடல்களாகப் பிரித்தவர் இன்னொரு கலைஞரான படி எம்மன்ஸ் (Buddy Emmons). என் கிட்டாரிலிருந்த ஒற்றை லீவர் ஷட்ஜத்தைக் காகலி நிஷாதத்துக்கு இறக்கும். சங்கராபரணத்துக்கு இவை போதும். சுத்த ரிஷபம் வேண்டிய மாயாமாளவகௌளைக்கும் பிரதி மத்யமம் வேண்டிய கல்யாணிக்கும் போதா. ஸ்டீல் பாரை நகர்த்தினால் எந்தச் சுரமும் கிடைக்குமே என்று கேட்கலாம். ஆனால் பார் நகரும்போது அதன் கீழுள்ள தந்திகள் அனைத்தும் சேர்ந்தே நகர்கின்றன. ஷட்ஜத் தந்தி அசையாமல் நிற்க, பஞ்சமம் மட்டும் பிரதி மத்யமத்துக்கு வழுக்கி இறங்கும் அந்த ஒலி லீவரால்தான் கிடைக்கும். அதைக் கேட்ட பிறகு அது இல்லாமல் என்னால் வாசிக்க முடியவில்லை.

ஆகவே, ஷட்ஜத்தைச் சுத்த ரிஷபமாக ஏற்றுவதற்கு ஒன்று, பஞ்சமத்தை அரைச் சுரம் இறக்குவதற்கு முழங்காலால் மேல்நோக்கித் தள்ளும் ஒன்று என இரண்டு லீவர்களைக் கேட்டேன். முதல் முறை ரிஷப லீவரை இடது முழங்காலுக்கு வலப்பக்கத்தில் பொருத்திவிட்டார்கள். பெடல்களை வலமிருந்து இடமாக அடுக்கும், கலைஞர் ஜிம்மி டேயின் பெயரால் வழங்கும் முறைக்கு அதுவே சரியான இடம். என்னுடையதோ இடமிருந்து வலமாகச் செல்லும் எம்மன்ஸ் முறை. முதல் பெடல் இடக்கோடியில் இருக்கிறது. அந்தப் பெடலையும் ரிஷப லீவரையும் அடிக்கடி ஒன்றாக இயக்க வேண்டியிருப்பதால், பாதம் இடப்புறம் சாயும்போது முழங்காலும் அதே பக்கம் போக வேண்டும். எதிர்ப்பக்கம் தள்ளியதில் ஒரு பாட்டு முடிவதற்குள் கணுக்கால் வலியெடுத்தது. திரும்ப எடுத்துச் சென்றபோது பட்டறைக்காரர் தாமே ஸ்டூலில் அமர்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டுப் பெடலில் பாதத்தை வைத்துப் பார்த்தார். "முட்டி சாயிற பக்கம்தான லீவர் இருக்கணும், புரிஞ்சிருச்சுண்ணே" என்றவர், கூடுதல் காசு வாங்காமல் மூன்றே நாளில் மாற்றித் தந்தார்.

வேலையின் நேர்த்தி அச்சில் தெரிகிறது. லீவர் திரும்பும் துளையில் பித்தளைப் புஷ் (உள்வளையம்) போட்டிருப்பதால் பக்கவாட்டில் ஆட்டமே இல்லை. லீவர் எவ்வளவு தூரம் போகலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் நிறுத்தத் திருகையும் தனியாக அமைத்திருக்கிறார். ஐம்பது முறை தள்ளிவிட்டு ட்யூனரில் பார்த்தேன். ஷட்ஜத் தந்தியான நான்காம் தந்தி ஒவ்வொரு முறையும் தன் இடத்துக்கே திரும்பியது. மேல்நோக்கிய லீவர் மட்டும் இன்னும் சற்றுக் கனமாக இருக்கிறது. லீவரின் அசைவைத் தந்திக்குக் கொண்டுசெல்லும் இழுகம்பியை வேறு துளைக்கு மாற்றினால் அது இலகுவாகும், ஆனால் முழங்கால் நகர வேண்டிய தூரம் கூடும்.

இரண்டு லீவருக்கும் சேர்த்து 6,500 ரூபாய் கொடுத்தேன். அந்த வேலைக்கு அது நியாயமான கூலி. பழைய கிட்டாரை இவ்வாறு மாற்ற விரும்புவோர், தந்தியைத் தாங்கி, இழுகம்பிகள் மாட்டப்படும் 'விரல்' என்னும் உலோகப் பாகத்தில் காலித் துளை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். என்னுடையதில் தந்திக்கு இரண்டு ஏற்றம், ஒரு இறக்கம் மட்டுமே கொள்ளும். நான்காம் தந்தியிலும் பஞ்சமத் தந்தியான ஐந்தாம் தந்தியிலும் இப்போது எல்லாத் துளைகளும் நிரம்பிவிட்டன.