ஐந்து வருஷம், ஒரு மாஸ்டா, ஆல்ப்ஸ் மலைப்பாதைகள்

"ரெண்டு பேர் உக்கார்ற வண்டிக்கு எதுக்கு மாப்ள இவ்ளோ காசு? லோடு எங்க ஏத்துவ?" 2020-இல் வண்டி வாங்கிய அன்று வீடியோ காலில் மாமா கேட்ட முதல் கேள்வி இது. கிருஷ்ணகிரி கிரானைட்டை ஏற்றிக்கொண்டு தொப்பூர் கணவாய் இறங்கி, தூத்துக்குடி வரை முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். நான் வாங்கியதோ மாஸ்டா எம்எக்ஸ்-5, துணிக் கூரையைத் திறந்து ஓட்டும் குட்டி கார். டிக்கி மொத்தமே 130 லிட்டர். இரண்டு தோள்பை, ஒரு டிபன் கேரியர், அவ்வளவுதான் லோடு.

அப்போது ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் வேலை. வண்டியை விற்றுவிட்டு ஊர் திரும்பி, இப்போது ஓசூரில் இருக்கிறேன். ஐந்து வருஷத்தில் 43,000 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். அதில் பாதிக்கு மேல் மலைதான்.

செகண்ட் ஹேண்ட், 2016 மாடல். 1.5 லிட்டர் எஞ்சின், 131 குதிரைத்திறன், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஏற்றும் டர்போ கிடையாது, ஆறு கியர், பின் சக்கர இழுவை. ஸ்போர்ட்ஸ் கார் என்று சொன்னால் ஆபீஸில் சிரிப்பார்கள். அவர்கள் ஊரில் 300 குதிரைக்குக் கீழே பேச்சே இல்லை. ஆனால் எடை ஒரு டன் அளவுதான். மலையில் அதுதான் கணக்கு. மேலே காற்று மெலிந்துவிடும், அதனால் டர்போ இல்லாத எஞ்சின் 1000 மீட்டர் ஏறினால் சுமாராகப் பத்து சதவீதம் சக்தியை இழக்கும். 2500 மீட்டரில் கால்வாசி போய்விடும். வண்டிக்கு மூச்சு வாங்குவது காதிலேயே கேட்கும். இரண்டாம் கியரில் எஞ்சினை நிமிஷத்துக்கு 5000 சுற்றுக்கு மேலே வைத்து ஓட்டிப் பழகிவிட்டால் அதுவும் ஒரு ருசி.

இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாயைப் பற்றி எல்லோரும் உருகுவார்கள். நான் ஆறு முறை போயிருக்கிறேன். படம் எடுக்க நல்ல இடம், வண்டி ஓட்ட சுமார்தான். 1820-இல் ஆரம்பித்து 1825-இல் முடித்த சாலை, குதிரை வண்டிக்காகப் போட்டது. அடிவாரத்து ஊரான ப்ராட்டோ பக்கம் 48 கொண்டை ஊசி வளைவுகள். பாதி வளைவுகளில் முதல் கியருக்கே இறங்க வேண்டும். எதிரே பஸ் வந்தால் நின்றுவிட வேண்டியதுதான். சுவிட்சர்லாந்தின் சுஸ்டென் கணவாய் 1938 முதல் 1945 வரை மோட்டார் வண்டிகளை மனதில் வைத்தே கட்டியது. அங்கே வளைவுகள் ஒன்றையொன்று கைபிடித்துக் கூட்டிப்போகும், ஸ்டியரிங்கோடு சண்டையே இருக்காது. உயரம் 2224 மீட்டர்தான், பெயரும் பெரிசில்லை. ஒரே ஒரு மலைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் அங்கே போங்கள்.

ஆனால் எனக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தது ஸ்டெல்வியோதான். 2021 ஜூலை. உச்சி 2757 மீட்டர். அங்கிருந்து ப்ராட்டோ இறங்கினால் சுமார் 25 கிலோமீட்டருக்குள் 1800 மீட்டர் சரிவு. வளைவுகளுக்கு மேலிருந்து எண் போட்டிருப்பார்கள், உச்சியில் ஒன்று, அடியில் 48. நான் மூன்றாம் கியரில் விரட்டுவது, வளைவு வந்ததும் பிரேக்கில் ஏறி நிற்பது, மறுபடி விரட்டுவது என்று ஆட்டம் போட்டேன். இருபத்திரண்டாம் வளைவில் பெடல் வழக்கத்தைவிடக் கீழே போனது. இருபத்திநாலில் பஞ்சை மிதிப்பது மாதிரி இருந்தது. கூரை திறந்திருந்ததால் கருகிய நாற்றம் நேராக மூக்கில் ஏறியது. இரண்டாம் கியரைப் போட்டு, அகலமான ஒரு ஓரத்தில் நிறுத்தினேன். முன் சக்கரம் இரண்டிலும் புகை. ஹேண்ட் பிரேக்கை இழுக்காமல் கியரில் விட்டுவிட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து நாற்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். சைக்கிளில் ஏறிவந்த ஒரு கிழவர் மூக்கைப் பொத்திக்காட்டிச் சிரித்துவிட்டுப் போனார்.

அப்புறம் பார்த்தால், முந்தைய சொந்தக்காரர் பிரேக் ஆயிலை மாற்றியதாகச் சர்வீஸ் புத்தகத்தில் எங்குமே இல்லை. வாங்கும்போது நானும் பார்க்கவில்லை. அந்த ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், கொதிநிலை இறங்கும். சூட்டில் கொதித்துக் குமிழி கட்டினால், நாம் மிதிப்பது குமிழியைத்தான். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது சும்மா இல்லை.

அன்று ராத்திரி மாமாவிடம் சொன்னேன். "ஏர்ற கியர்லயே எறங்கணும்னு கிளீனர் பையனுக்குக்கூடத் தெரியும். தொப்பூர் பக்கத்துல பொறந்துட்டு நியூட்ரல்ல உருட்டறவனாட்டம் ஓட்டியிருக்க பாரு." டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கி, இரட்டைப் பாலத்துக்கிட்ட முன்னால் போகிறவர்கள்மேல் ஏற்றிய லாரிகளை அவர் நிறையப் பார்த்தவர். அதற்குப் பிறகு இரண்டாம் கியரில் எஞ்சினே பிடித்துக்கொள்ள, பிரேக்கை வளைவுக்கு முன்னால் மட்டும் தொட்டுத்தான் இறங்குவேன். ஆஸ்திரியாவின் கிராஸ்குளோக்னர் மலைச் சாலையில் ஹோக்டோர் சுரங்கத்திலிருந்து, 2504 மீட்டர், கீழே வரை அப்படி இறங்கியும் பெடல் அசையவில்லை. அந்தச் சாலைக்கு டோலே 40 யூரோவைத் தாண்டும். ஒருமுறை கொடுக்கலாம்.

சுவிட்சர்லாந்தில் மஞ்சள் போஸ்ட் பஸ் மூன்று சுரத்தில் ஹாரன் அடித்தால் ஒதுங்கிவிடுங்கள். மலைத் தபால் சாலைகளில் டிரைவர் கைகாட்டுவதுதான் சட்டம். வேகத்தில் விளையாடவே கூடாது. 80 கிலோமீட்டர் வேக வரம்புள்ள சாலையில் ஏழு கிலோமீட்டர் கூடப் போனதற்கு 100 ஃபிராங்க் தண்டம் கட்டினேன். இத்தாலியின் லிவிக்னோ ஊருக்கு வரிவிலக்கு உண்டு, டாங்க் நிரப்ப அதைவிட மலிவு அந்தப் பக்கம் கிடையாது.

பராமரிப்பில் என்னைப் படுத்தியது துணிக் கூரைதான், அதுவும் என் தப்பு. ஊசியிலை மரத்தடியில் நிறுத்தியதால் மழைநீர் இறங்கும் துளைகளில் ஊசி ஊசியாக அடைத்து, ஒருநாள் காலை சீட்டுக்குப் பின்னால் குளம். மெல்லிய நைலான் கம்பி விட்டுக் குடைந்ததும் சரியானது. டயர்க் கடை ஒன்றில் பின் டயர் மாற்றியபோது காற்றைக் கண்டபடி ஏற்றிக் கொடுத்தார்கள். வால் வழுக்கியதில் ஈரக்குலை நடுங்கியது. முன் பிரேக் பேட் இரண்டு தடவை, பின் டயர் இரண்டு செட். கிளட்ச் அதேதான். ஹைவேயில் லிட்டருக்கு 16, மலையில் 12 கிடைத்தது.

அக்டோபரில்கூடக் கூரையைத் திறந்துதான் ஓட்டுவேன். காலுக்கு ஹீட்டர், தலைக்கு அம்மா கொடுத்தனுப்பிய மங்கி குல்லா.

கொண்டுவரலாமா என்று யோசித்தேன். இடப்பக்க ஸ்டியரிங் வண்டியை இங்கே பதிவு செய்ய முடியாது. முடிந்திருந்தாலும் எங்கள் தெரு வேகத்தடையில் வயிறு தட்டும். இப்போது பழைய ஹேட்ச்பேக் ஒன்று. போன மாசம் மாமாவைச் சேலத்துக்குக் கூட்டிப்போனேன். பாளையம் டோல் தாண்டி இறக்கம் ஆரம்பித்ததும் கியர் கம்பியை ஒருமுறை பார்த்தார். மூன்றில் இருந்தது. சீட்டைச் சாய்த்துத் தூங்கிவிட்டார்.