விக்கிப்பீடியாவில் பக்கம் போட்டுத் தருகிறேன் என்று மெயில் வந்தால், பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்

மூன்று மாதமாகத் தள்ளிப்போட்ட பதிவு இது. வெட்கம்தான் காரணம், வேறொன்றுமில்லை.

பழைய ரேடியோ, டேப் ரெக்கார்டர் பழுது பார்க்கும் யூடியூப் சேனல் ஒன்றை ஆறு வருடமாக நடத்துகிறேன். நாலு லட்சம் சப்ஸ்கிரைபர்கள். "உங்களுக்கு ஏன் இன்னும் விக்கிப்பீடியா பக்கம் இல்லை?" என்று மாதத்துக்கு ஒருவராவது கமெண்டில் கேட்டுவிடுவார், கேட்டுக் கேட்டு எனக்கே அது ஒரு குறையாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. சரி, நாமே எழுதினால் என்ன என்று ஆங்கில விக்கிப்பீடியாவில் கணக்கு தொடங்கி, என்னைப் பற்றி நானே ஒரு வரைவு எழுதி அனுப்பினேன் (தன்னைப் பற்றித் தானே எழுதுவது அங்கே யாருக்கும் பிடிக்காது என்பது அப்போது தெரியாது). சில வாரத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். உங்களோடு தொடர்பில்லாத, நம்பகமான இடங்களில் உங்களைப் பற்றி விரிவாக எழுதப்பட்டதாகத் தெரியவில்லை என்று காரணமும் சொல்லியிருந்தார்கள்.

மறுநாளே ஒரு மெயில். "நான் விக்கிப்பீடியாவின் மூத்த நிர்வாகி. உங்கள் வரைவு அநியாயமாக நிராகரிக்கப்பட்டதைக் கவனித்தேன்." வரைவின் தலைப்பு, நிராகரித்தவரின் பயனர் பெயர், தேதி எல்லாம் அச்சு அசலாக இருந்தன. உள்ளே இருக்கும் ஆள்தான் என்று நம்பிவிட்டேன். அங்கே எல்லா வரைவும் எல்லா நிராகரிப்பும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று திறந்தே கிடக்கின்றன. இது எனக்கு விளங்குவதற்குள் அட்வான்ஸ் போய்விட்டது.

போனில் தேனாகப் பேசினார். "சார், டோனா ஸ்டிரிக்லண்ட் தெரியுமா? 2018 மே மாதம் அவரைப் பற்றிய வரைவையே ஆதாரம் போதாது என்று திருப்பினார்கள், அக்டோபரில் அவருக்கு நோபல்!" கதை என்னவோ உண்மைதான். ஆனால் லேசர் ஆராய்ச்சிக்காக இயற்பியல் நோபல் வாங்கியவருக்கும் டேப் ரெக்கார்டருக்கு பெல்ட் மாற்றும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்கிற மனநிலையில் நான் இல்லை.

பாதிப் பணம் முன்னால், மீதி பக்கம் வந்ததும் என்று பேச்சு. அப்புறம் "மேற்கோள் காட்ட செய்தி வேண்டும் சார்" என்று தனியாக ஒரு தொகை வாங்கி ஐந்து இணையதளங்களில் என்னைப் பற்றிக் கட்டுரை வரவைத்தார். ஐந்திலும் ஒரே புகைப்படம், "தொழில்நுட்ப உலகில் தனி முத்திரை பதித்தவர்" என்று ஐந்திலும் ஒரே வரி. எனக்கே சிரிப்பு வந்தது. அப்போதாவது நிறுத்தியிருக்கலாம்.

பக்கம் வந்தது. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன், மீதிப் பணத்தையும் அன்றே அனுப்பினேன். கூகுளில் தேடினால் மட்டும் வரவில்லை. "ரெண்டு வாரத்தில் வந்துவிடும்" என்றார். உண்மையில் புதுக் கட்டுரையை அங்குள்ள சரிபார்ப்பவர்களில் ஒருவர் பார்த்துக் குறியிடும்வரை தேடுபொறிகளில் காட்ட வேண்டாம் என்று அவர்களே வைத்திருக்கிற ஏற்பாடு அது. பக்கம் இருக்கிறது, ஆனால் இன்னும் யாரும் ஏற்கவில்லை என்று அர்த்தம்.

ஒன்பதாம் நாள் பக்கத்தின் தலைமாட்டில் ஒரு பெட்டி முளைத்தது, இதை நீக்கலாமா என்று உரையாடல் நடக்கிறது என்று. உள்ளே போய்ப் பார்த்தால் ஒரு அட்டவணை. என் பதினைந்து மேற்கோள்களையும் ஒவ்வொன்றாக வரிசைப்படுத்தி, சார்பற்றதா, நம்பகமானதா, விரிவாக எழுதியிருக்கிறதா என்று மூன்று கட்டம் போட்டு, பச்சையும் சிவப்புமாக நிரப்பியிருந்தார் ஒருவர். காசு கொடுத்து வரவைத்த ஐந்துக்கும் சிவப்பு. என் சேனல் வீடியோக்களையே காட்டிய நாலும் சிவப்பு. பத்திரிகையில் வந்த என் பேட்டிக்கு, அதில் பேசுவது நான்தானே, பத்திரிகை என்னைப் பற்றித் தானாக என்ன சொல்கிறது என்று கேள்வி. மிச்சத்தில் மூன்று, பத்து சேனல்களின் பட்டியலில் என் பெயர் ஒரு வரி வந்த கட்டுரைகள். ஒரே ஒரு பத்திரிகைக் கட்டுரைக்குத்தான் மூன்று கட்டமும் பச்சை. கடைசியாக இருந்த விருதைக் கொடுத்தது யாரென்று எனக்கே நினைவில்லை. கோபமாக வந்தது, ஆனால் ஒரு கட்டத்தைக்கூடத் தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இந்த இடத்தில் நான் செய்த மடத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். சேனலில் "நம்ம பக்கத்தை நீக்கப் பார்க்கிறார்கள், போய் ஆதரவு கொடுங்கள்" என்று போட்டேன். அன்று ராத்திரிக்குள் முப்பது பேர் புதுக் கணக்கு தொடங்கி "வைத்திருங்கள், இவர் லெஜண்ட்" என்று எழுதிவிட்டார்கள். பாசக்காரப் பிள்ளைகள், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. உடனே உரையாடலின் மேலே ஓர் அறிவிப்பு வந்தது. யாரோ சொல்லி இங்கே வந்திருந்தால், இது வாக்கெடுப்பு அல்ல, சொல்லும் காரணத்துக்குத்தான் மதிப்பு என்று. முப்பது பேரின் குரலுக்கும் அங்கே எடை இல்லை. சப்ஸ்கிரைபர் எண்ணிக்கைக்கும் அப்படித்தான். எத்தனை பேர் உங்களைப் பார்க்கிறார்கள் என்பதல்ல, உங்களுக்கு வேண்டியவரல்லாத யாராவது உங்களைப் பற்றி உட்கார்ந்து எழுதியிருக்கிறார்களா என்பதுதான் அங்கே கேள்வி.

நம்ம ஆளுக்குப் போன் போட்டேன். பதறவே இல்லை. மாதாமாதம் ஒரு "பாதுகாப்புக் கட்டணம்" கட்டினால் பக்கத்தை யாரும் தொடாதபடி பார்த்துக்கொள்வாராம். ஒரு மாதத்துக்குக் கட்டியும் தொலைத்தேன். ஏழு நாள் உரையாடல் முடிந்து பக்கம் போனது. பக்கத்தைப் போட்ட கணக்கையும், ஒரே ஆள் பல பெயரில் இயக்கும் கைப்பாவைக் கணக்கு என்று தடுத்துவிட்டார்கள். அதோடு அவர் நம்பர் ஸ்விட்ச் ஆஃப்.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். இதெல்லாம் பழைய வித்தை. 2015 ஆகஸ்டில் ஆங்கில விக்கிப்பீடியாவில் இதே வேலை செய்த ஒரு கும்பலைப் பிடித்து 381 கணக்குகளைத் தடுத்து, 210 கட்டுரைகளை நீக்கியிருக்கிறார்கள். நிராகரிக்கப்பட்ட வரைவுகளைப் பார்த்து ஆள் பிடிப்பது, பக்கம் போட்டுக் காசு கேட்பது, பிறகு காப்பாற்ற மாதக் கட்டணம் கேட்பது என்று எனக்கு நடந்தது வரி தப்பாமல் அதில் இருக்கிறது. விக்கிப்பீடியாவிலேயே இதற்கென்று ஒரு மோசடி எச்சரிக்கைப் பக்கமும் இருக்கிறது.

காசு வாங்கிக்கொண்டு எழுதுவதே அங்கே குற்றமா என்றால், இல்லை. யாருக்காக எழுதுகிறேன், யார் பணம் தருகிறார்கள் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், 2014-லிருந்து அது பயன்பாட்டு விதியிலேயே இருக்கிறது. என் ஆள் சொல்லவில்லை. அதனால் உங்களிடம் ஒருவர் வந்தால் "உங்கள் பயனர் பெயர் என்ன, பணம் வாங்கியதை அதில் அறிவித்திருக்கிறீர்களா" என்று கேளுங்கள். நிர்வாகி என்று சொன்னால், நிர்வாகிகள் பட்டியல் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது, அதில் தேடுங்கள், பெயர் இருந்தாலும் அந்தப் பயனரின் பேச்சுப் பக்கத்தில் "எனக்கு மெயில் அனுப்பியது நீங்கள்தானா" என்று கேட்டுவிடுங்கள். மூத்த நிர்வாகி என்றொரு பதவியே கிடையாது. பக்கம் நிச்சயம் நிற்கும் என்று உத்தரவாதம் தர அங்கே ஒருவருக்கும் அதிகாரமும் இல்லை, நிர்வாகிகளும் சம்பளமில்லாத தன்னார்வலர்கள்தான்.

பக்கம் கிடைத்தே தீர வேண்டும் என்ற ஆசை விடவில்லையென்றால், அந்த அட்டவணையை நீங்களே ஒரு தாளில் போட்டுப் பாருங்கள், ஒரு சாயங்கால வேலை. பேட்டி, விளம்பரக் கட்டுரை, உங்கள் சொந்தத் தளம், ஒரு வரியில் பெயர் வந்தவை எல்லாவற்றையும் அடித்த பிறகு இரண்டு மூன்றாவது மிஞ்ச வேண்டும். எனக்கு மிஞ்சியது ஒன்று. இன்னொன்றும் யோசித்துக்கொள்ளுங்கள்: பக்கம் நின்றாலும் அது உங்களுடையது அல்ல, நாளைக்கு உங்களைப் பற்றி ஒரு சர்ச்சை பத்திரிகையில் வந்தால் அதையும் யாரோ ஒருவர் அதில் சேர்ப்பார், பிடிக்கவில்லை என்பதற்காக நீங்கள் அழிக்க முடியாது.

இப்போது அங்கே என் பக்கம் இருந்த முகவரிக்குப் போனால், நீக்கிய தேதியும் காரணமும் ஒரு பெட்டியில் தெரிகின்றன. போன வாரம் புது மெயில் ஒன்று வந்தது. "உங்கள் பக்கம் அநியாயமாக நீக்கப்பட்டதைக் கவனித்தேன். நான் விக்கிப்பீடியாவின் மூத்த நிர்வாகி." பயனர் பெயர் என்னவென்று கேட்டு பதில் போட்டேன். இதுவரை வரவில்லை.