"புது சீல் போட்ட" ட்ராலி ஜாக்: என் பாதி மாதச் சம்பளம் போனது, நீங்கள் ஏமாறாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை நடந்தது. இன்று புதன். மூன்று நாளாக விற்றவனோடும் விற்ற தளத்தோடும் மல்லுக்கட்டிவிட்டு எழுதுகிறேன், வார்த்தை கொஞ்சம் சூடாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தளத்தில் அந்த ஆளின் விற்பனைப் பக்கத்தில் அதே மாதிரி ஜாக் இன்னும் நான்கு விற்பனைக்கு இருக்கின்றன.

என் காரை நானேதான் பார்த்துக்கொள்கிறேன். ஆயில், பிரேக் பேட், சஸ்பென்ஷன் புஷ் வரை எல்லாம். இதுவரை காரோடு வந்த கத்தரி ஜாக்கை வைத்தே ஓட்டினேன். புதிதாக நல்ல ட்ராலி ஜாக் (சக்கரம் வைத்த, ஆயில் அழுத்தத்தால் காரைத் தூக்கும் ஜாக்) வாங்கக் கையில் பணம் இல்லை. பழைய பட்டறைக் கருவிகளைச் சரிசெய்து விற்கும் இணையச் சந்தை ஒன்றில் 2 டன் ஜாக் கண்ணில் பட்டது. விலை என் மாதச் சம்பளத்தில் சரிபாதி. பழைய பொருளுக்கு அது அதிகம்தான், ஆனால் புது சீல் கிட் (உள்ளே ஆயில் ஒழுகாமல் அடைக்கும் ரப்பர் வளையங்கள்), புது ஆயில், சோதித்துப் பார்த்தது என்று போட்டிருந்தது.

நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. வீடியோ அழைப்பில் காட்டச் சொன்னேன். காட்டினார். ஒரு காரின் முன்பக்கத்தைத் தூக்கி, ஜாக்கின் கை நின்ற உயரத்தைப் பக்கத்துச் சுவரில் சாக்பீஸால் குறித்து, கால் மணி நேரம் அப்படியே விட்டார். கை அந்தக் கோட்டை விட்டு இம்மி இறங்கவில்லை. எந்த ஆயில் ஊற்றினீர்கள், காற்றை வெளியேற்றினீர்களா என்று கேட்டேன். ஜாக்கை இறக்கத் திறக்கும் ரிலீஸ் வால்வைத் திறந்துவைத்துப் பத்துப் பதினைந்து முறை பம்ப் அடித்து எடுத்ததாகச் சரியாகச் சொன்னார். வேலை தெரிந்தவரின் பதில் அது. "பழைய சீலையெல்லாம் கழற்றி எறிஞ்சாச்சு சார், உள்ளே எல்லாம் புதுசு" என்றார். அந்த இடத்தில்தான் நம்பினேன், அன்றிரவே பணம் அனுப்பினேன்.

ஜாக் வந்தது, இரண்டு வாரம் குறையில்லாமல் தூக்கியது. ஒன்றே ஒன்று, ஆயில் ஊற்றும் அடைப்பானைச் சுற்றிப் பெயின்ட் கொப்பளித்து உரிந்திருந்தது. வரும் வழியில் உரசியிருக்கும் என்று விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது.

ஞாயிறன்று முன்சக்கரத்தைக் கழற்றி பிரேக் பேட் மாற்றிக்கொண்டிருந்தேன். ஸ்பேனர் எடுக்கத் திரும்பியபோது கார் மெல்ல இறங்குவது தெரிந்தது. அடுத்த நொடி மொத்தமாக இறங்கி, பாதுகாப்புக்கு அடியில் வைத்திருந்த ஜாக் ஸ்டாண்டின் (இரும்புத் தாங்கி) மேல் உட்கார்ந்தது. அரை நிமிடம் முன்னால் என் கை அந்தச் சக்கரக்குழிக்குள் இருந்தது. ஸ்டாண்ட் இல்லையென்றால் இதை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

மறுநாள் பிரித்தேன். வெளியே வந்த திரவத்தில் ஆயிலின் வழுவழுப்பே இல்லை. ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் சில துளி விட்டேன். ஹைட்ராலிக் ஆயில் என்றால் மேலே மிதக்க வேண்டும். இது தண்ணீரோடு கலந்து காணாமல் போனது. பிரேக் ஆயில்!

விஷயம் இதுதான். ஜாக்கின் சீல்களும் ஓ-ரிங்குகளும் பெரும்பாலும் நைட்ரைல் ரப்பர். சாதாரண டாட் 3, டாட் 4 பிரேக் ஆயில் பட்டால் அது உப்பும். தேய்ந்து ஒழுகும் பழைய சீல்கூட உப்பி இடைவெளியை அடைத்துக்கொள்ளும், கொஞ்ச நாள் ஒழுகாது. அப்புறம் ரப்பர் கொழகொழவென்று ஆகிக் கிழிந்துவிடும். பெயின்ட் உரிந்ததும் அதே பிரேக் ஆயிலால்தான். புது சீல் ஒன்றுகூடப் போடவில்லை. ராமின் (ஆயில் அழுத்தத்தில் வெளியே வந்து எடையைத் தூக்கும் தண்டு) குரோம் பூச்சில் துருக்குழி வேறு, அதில் எந்த சீலும் நிற்காது. இது கவனக்குறைவு இல்லை. ஜாக்கின் கை சாக்பீஸ் கோட்டை விட்டு இறங்காமல் இருப்பதற்காகவே செய்தது.

போன் செய்தேன். முதலில், "அதிக எடை ஏத்தியிருப்பீங்க" என்றார். என் காரின் முன்பக்கத்தை முழுதாகத் தூக்கினாலும் முக்கால் டன் வராது. அடுத்து, "சீல் தேயுற பொருள், அதுக்கு வாரன்டி கிடையாது." படம் அனுப்பியதும், "பிரிச்சிட்டீங்களே, இனி நாங்க பொறுப்பில்லை." பிரிக்காமல் எப்படித் தெரியும்? அதோடு எண்ணை பிளாக் செய்துவிட்டார்.

தளத்தில் புகார் கொடுத்தால் திருப்பி அனுப்பும் 10 நாள் முடிந்துவிட்டது என்று பதில். உயிருக்கு ஆபத்தான பொருள், அதே ஆள் இன்னும் விற்கிறார் என்று எழுதினேன். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று வந்தது. நான்கு முறை எழுதினேன், நான்கு முறையும் அதே வரி. பாதி மாதச் சம்பளம்! வீட்டில் எட்டு மாதம் சிறுகச் சிறுக ஒதுக்கி வைத்த பணம்.

பழைய கருவி தேர்ந்தெடுப்பது பற்றி விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது மனம் ஓடவில்லை. பழைய ஜாக் என்றால் ராமை முழுதாக வெளியே தள்ளச் சொல்லிப் பாருங்கள், கீறலோ துருக்குழியோ இருந்தால் வேண்டாம். கைக்கு வந்த அன்றே ஆயிலில் ஒரு துளி எடுத்துத் தண்ணீரில் விடுங்கள். திருப்பி அனுப்பும் நாட்கள் முடிவதற்குள் ஒரு இரவு முழுக்க எடை தாங்க வையுங்கள், பக்கத்தில் ஸ்டாண்டோடு, யாரும் கிட்டே போகாமல். ஜாக்கை மட்டும் நம்பி காருக்கு அடியில் கையைக்கூட விடாதீர்கள்.

ஏற்கெனவே "புது சீல் போட்ட" ஜாக் வாங்கி வைத்திருப்பவர்கள் அடுத்த முறை வண்டியைத் தூக்குவதற்கு முன்னால் அடைப்பானைச் சுற்றிப் பெயின்டைப் பாருங்கள். உரிந்திருந்தால் தூக்காதீர்கள்.