பெங்களூரு வெள்ளரி: குடிலுக்குள்ளா, வெட்டவெளியிலா?

ராமமூர்த்தி நகரில் எங்கள் மொட்டைமாடி இரண்டு பாகம். மேற்குப் பக்கம் பசுமைக்குடில்: இரும்புக் குழாய் நட்டு, மேலே 200 மைக்ரான் பாலித்தீன் ஷீட், சுற்றிலும் பூச்சிவலை. கிழக்குப் பக்கம் வானம் பார்த்த பூமி. இரண்டிலும் ஆறாறு பைகள், ஒரே செம்மண், ஒரே தேங்காய்நார்க் கழிவு, ஒரே மண்புழு உரம். மாலூர் பக்கம் என் மனைவியின் தம்பி 10 குண்டேயில், அதாவது கால் ஏக்கரில், பாலித்தீன் கூரை போட்ட பாலிஹவுஸும், அதை ஒட்டி அரை ஏக்கர் திறந்த நிலமும் வைத்திருக்கிறான். நாலு வருஷமாக ஒருவர் தோட்டத்தை ஒருவர் குறை சொல்லிச் சொல்லியே நாங்கள் கற்றுக்கொண்டது இது.

குளிர்நாட்டுக்காரன் கண்ணாடிக் குடில் போடுவது குளிருக்குப் பயந்து. வெள்ளரிக்கு வேண்டியதோ 18 முதல் 30 டிகிரி. கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கும் நம்ம ஊர் அதை வருஷத்தில் பாதிக்கு மேல் சும்மாவே தருகிறது. இங்கே கூரை என்பது குடை மாதிரி. குடை எந்த மாதத்தில் வேண்டும் என்று கேட்டால் பாதிக் குழப்பம் தீரும். மீதிக் குழப்பம் தேனீயால் வருவது.

முதல் வருஷம் நான் செய்த கூத்து: நாட்டு விதையை வலைக்குள் போட்டேன். கொடி கயிற்றில் தளதளவென்று ஏறியது. மஞ்சள் பூ, பூவுக்கடியில் சுண்டுவிரல் நகம் அளவு பிஞ்சு, எல்லாம் அழகு. மூன்றாம் நாள் பிஞ்சு மஞ்சளாகி, சுருங்கி, தொட்டால் கையோடு வந்தது. வெம்பியதை எல்லாம் ஒரு தட்டில் போட்டு எண்ணினேன், 23. உரம் குறைவோ, தண்ணீர் அதிகமோ என்று மண்டையை உடைத்துக்கொண்டு போன் போட்டால் மச்சான் சிரிக்கிறான்: "மாமா, சுத்தி வலையை அடிச்சிட்டு தேனீயை எங்கிருந்து வரச் சொல்றீங்க?"

நாட்டு வெள்ளரியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. முதல் வாரம் பத்து நாள் ஆண் பூவாகவே கொட்டும், அதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. பெண் பூ மலர்ந்திருப்பது ஒரே நாள்தான். அதற்குள் தேனீ பலமுறை வந்துபோனால்தான் பிஞ்சு நிற்கும். வலைக்குள் வளர்க்கவென்றே மகரந்தம் இல்லாமல் காய்க்கும் ரகங்கள் இருக்கின்றன. பெரும்பாலும் எல்லாமே பெண் பூ, விதை முற்றாத காய். விதையை எண்ணித்தான் விற்பார்கள், விலையும் அப்படித்தான். பணம் போட்டோமே என்று அதைக் கிழக்குப் பக்கம் வெளியில் நட்டும் பார்த்தேன். பக்கத்து நாட்டுக்கொடியிலிருந்து தேனீ மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்க்க, காய் அடி பெருத்து, இடுப்பு சிறுத்து, சுரைக்காய்க்குத் தம்பி போல வந்தது. குடில் ரகம் குடிலுக்கு, நாட்டு ரகம் வெளிக்கு. இதில் மாற்றுக் கருத்தே கிடையாது.

மழைக்கு வருவோம். ஜூனில் தொடங்கி, செப்டம்பர், அக்டோபரில் இந்த ஊர் கொட்டித் தீர்த்துவிடும். கிழக்குப் பாகத்தில் அப்போது வருவது அடிச்சாம்பல் நோய். இலையின் மேல் நரம்புக்கு நரம்பு கட்டம் கட்டியது போல மஞ்சள். காலையில் இலையைத் திருப்பினால் சாம்பல் பூத்த பஞ்சு. இலை மணிக்கணக்கில் நனைந்திருந்தால் போதும், பத்து நாளில் கொடி எரிந்தது போல ஆகிவிடும். மருந்தடித்தால் அடுத்த மழை கழுவிவிடும். அதே வாரம் கூரைக்கடியில் கொடி அலட்டிக்கொள்ளாமல் காய்க்கும். மழைக்காலத்தில் கூரையோடு வெட்டவெளி மோதவே முடியாது.

வெயில் காலத்தில் கதை தலைகீழ். ஏப்ரலில் வெளியே 35 என்றால் என் குடிலுக்குள் மதியம் இரண்டு மணிக்கு 41 காட்டியது. நுனி கருகும், பூ உதிரும். மழையில் வராத நோய்க்கு மாற்றாக மாவு தூவியது போல வெண்சாம்பல் வரும், அதற்கு இலை நனைய வேண்டிய அவசியமே இல்லை. செஞ்சிலந்தி, வெள்ளை ஈ இரண்டும் ஒருமுறை உள்ளே புகுந்துவிட்டால் எதிரியே இல்லாத ராஜ்ஜியம். மச்சானுக்கு இதைவிடப் பெரிய தலைவலி, மண்ணில் இருந்து வேரைத் தாக்கும் நூற்புழு. மூன்றாவது போகத்தில் வாடிய கொடியைப் பிடுங்கினான், வேர் முழுக்கப் பாசிமணி கோத்தது போல முடிச்சு. திறந்த நிலமென்றால் அடுத்த போகம் ராகி போட்டு மாற்றலாம். பத்து லட்சம் தாண்டிச் செலவழித்த கூரைக்கடியில் ராகி போட எவனுக்கு மனசு வரும்? அதில் பாதி மானியமாகத் திரும்பியது, மீதி கடன். மாம்பழ மழை என்கிற கோடை மழைக்கு முன்னால் வரும் காற்றில் ஷீட் கிழிந்தால் அது தனிச் செலவு.

குடிலில் வேலையும் விடாது. ஒற்றைத் தண்டாகக் கயிற்றில் சுற்றி, பக்கக்கிளையை வாரம் இரண்டு முறை கிள்ளி, முதல் ஐந்தாறு கணுக்களில் வரும் பிஞ்சைக் கல்மனசோடு எடுக்க வேண்டும். வெளியே பந்தல் போட்டால் கொடி தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளும். பழ ஈக்கு ஓர் இனக்கவர்ச்சிப் பொறி, காலையில் பூசணி வண்டைக் கையால் பொறுக்குதல், அவ்வளவுதான். 1990களின் தொடக்கத்தில் இதே கர்நாடகத்தில் ஆரம்பித்து, இன்று உலகம் முழுக்க ஊறுகாய் ஜாடிகளுக்குப் போகும் கெர்கின், அதாவது குட்டி வெள்ளரி, வயல்வெளியில்தான் விளைகிறது.

ருசியில் என் ஓட்டு கிழக்குப் பக்கத்துக்கு. குடில் காய் தோல் மெல்லிசு, கசப்பே இருக்காது, ஹோட்டலுக்கும் சூப்பர் மார்க்கெட்டுக்கும் நன்றாகப் போகும். ஆனால் ராமநவமிக் கோசம்பரிக்கு நறுக்கினால் பாசிப்பருப்போடு சேர்ந்து கடிக்க அதில் ஒன்றுமில்லை, தண்ணீராக ஓடிவிடும். வெளிக்காய் மொறுமொறுவென்று நிற்கும். கோடையில் இரண்டு நாள் தண்ணீர் தவறினால் கசக்கும், உண்மைதான். 2024 மார்ச்சில் போர்வெல் வறண்டு லாரித் தண்ணீருக்குக் காத்திருந்தபோது காய்த்ததை எல்லாம் அம்மா காம்புப் பக்கம் வெட்டி, நுரை வரும்வரை தேய்த்துப் பார்த்துவிட்டு, "இது மாட்டுக்குத்தான்" என்று ஒதுக்கினாள். எங்கள் தெருவில் மாடுகளுக்குப் பஞ்சமில்லை.

ஆக, விற்பவன் பாலிஹவுஸ் போடட்டும், வட்டியையும் நூற்புழுவையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு. வீட்டுக்கு வளர்ப்பவர் டிசம்பர் கடைசியில் வெளியே விதை போட்டால் மார்ச்சுக்குள் தின்று முடித்துவிடலாம். மழைக்காலத்துக்கு நான் இந்த ஜூனில் மூன்றாவது வழியை எடுத்தேன். மேற்குப் பாகத்தில் கூரையை விட்டுவிட்டுப் பக்கவலையை மட்டும் கழற்றி, உள்ளே நாட்டு விதை போட்டிருக்கிறேன்.

"பழ ஈ வந்தா?" என்றான் மச்சான்.

பிஞ்சுக்கு ஒரு காகிதப் பை என்று பழைய தினசரியைக் கத்தரித்து வைத்திருக்கிறேன். நேற்று காலை ஏழு மணிக்கு முதல் பெண் பூ. ஒரு தேனீ உள்ளே வந்து, கூரையில் ஒருமுறை முட்டிக்கொண்டு, பிறகு சரியாக இறங்கியது.